இனிப்பு பிடிக்காத கரப்பான்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அடுப்பும் நாங்களும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள், அதனால்தான் எழுத்தில்.

நம் பேக்கரியில் கரப்பான் தொல்லை மறுபடி தலைதூக்கியது. சுகாதார அதிகாரி ரொட்டி ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஒன்று கண்ணில் பட்டாலும் கடைக்குப் பூட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைப்போமே அந்த இனிப்பு மருந்துப் பசை, வருஷக்கணக்காகக் கேட்டது, இப்போது வைத்தபடியே காய்ந்து கிடந்தது. அம்மா பூச்சி மருந்துக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி கலந்து குடுத்தா எப்படிங்க கேக்கும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவர் முகம் சுருங்கி டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கரப்பான்களுக்குப் புத்தி வந்துவிட்டது, பட்டுத் தெரிந்துகொண்டன என்று நானும் என் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

விலங்கியல் படிக்கிற உன் தங்கை இரண்டையும் நம்பவில்லை. யாரும் மருந்தே வைத்திராத பக்கத்துத் தையல் கடையிலிருந்து சில கரப்பான்களைப் பிடித்து ஒரு பாட்டிலில் விட்டாள், நம் வீட்டுச் செல்வங்களை இன்னொன்றில். இரண்டிலும் அந்தப் பசையில் இனிப்புக்குச் சேர்க்கிற குளுக்கோஸ், மருந்து கலக்காமல் ஒரு சொட்டு. தையல் கடைக் கூட்டம் வழித்து நக்கியது. நம்முடையவை வாய் வைத்துப் பார்த்து, கசாயம் குடித்த குழந்தை மாதிரி பின்வாங்கின. ஆக மருந்தில் குறை இல்லை. என் தீர்ப்புதான் சரி என்று நான் மீசையை முறுக்கினேன். "இருங்கப்பா" என்று என்னை அடக்கிவிட்டு, முட்டைப் பையோடு இருந்த ஒன்றைத் தனியாக வைத்துக் காத்திருந்தாள். குஞ்சுகள் வந்தன, மருந்தின் வாசனையே அறியாதவை. அவையும் குளுக்கோஸைத் தொட்டுவிட்டு ஓடின. பேக்கரியில் இருந்துகொண்டே இனிப்பு பிடிக்காத ஜென்மம் உன் அம்மா ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"யாரும் கத்துக்கலப்பா. முன்னாடியே ஒண்ணு ரெண்டு கோணல் நாக்கோட பொறந்திருக்கும், அதுங்களுக்கு இனிப்பு கசக்கும். நாம மருந்து வெச்சதும் இனிப்பு பிடிச்சதெல்லாம் செத்துச்சு, கோணல் நாக்கு மிஞ்சிக் குஞ்சு பொரிச்சுச்சு. அந்த நாக்கு குஞ்சுங்களுக்கும் வந்துச்சு" என்றாள். இவ்வளவுதானா என்றேன். உலகத்தில் இத்தனை வகை உயிர்கள் வந்ததில் இதற்குத்தான் பெரிய பங்கு, அதற்குக் கோடிக்கணக்கில் வருஷம் கிடைத்தது என்றாள். யோசித்துப் பார், இத்தனை நாளும் காசு கொடுத்து இனிப்பு வேண்டாத ஒரு வம்சத்தைப் பொறுக்கி வளர்த்திருக்கிறோம்.

அம்மா மறுநாள் முதல் ட்ரே பன்னை எடுத்துக்கொண்டு மருந்துக்காரர் வீட்டுக்குத் தானே போனாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது, உனக்குத் தெரியாததா. "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க, உங்க மருந்து நல்ல மருந்துதான்" என்றாளாம். அவர் சிரித்துவிட்டார், இனிப்பில்லாத வேறு பசையோடு வந்தார். இனி ஒன்றையே பிடித்துத் தொங்காமல் மாற்றி மாற்றி வைப்பதென்று ஏற்பாடு, சுவர் விரிசல்களையும் அடைத்தாயிற்று. அதிகாரி வந்து தேடினார், ஒன்றும் சிக்கவில்லை, போகும்போது கேக் வாங்கிப் போனார்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள், மனசு நிறைவாக இருங்கள். போனில் உன் தொண்டை கரகரத்தது. வீட்டில் மிச்சம் கிடக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை நீயாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதே, டாக்டரைக் கேள். கிருமிக்கும் இதே கணக்குத்தான், மாத்திரைக்குச் சாகாதது மிஞ்சிப் பெருகும். எங்களுக்காவது வேறு பசை கிடைத்தது.

இப்படிக்கு,
மாவுக் கையோடு,
உன் அப்பா