தலைகீழ்த் துப்பாக்கி போட்ட ஐந்து ரூபாய்

திருச்சுழி
கார்த்திகை 5

ஆத்தா காளீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் குறையில்லாமல் இருக்கிறோம், எல்லையில் நீயும் உன்னோடு காவல் நிற்கிற பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று விடிந்ததும் முதல் நினைப்பே அதுதான். உனக்குப் போன் போட்டால் லைன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் உன் அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். மழை இரண்டு நாள் பெய்தது, கண்மாய் கால்வாசிகூட நிறையவில்லை, ஆனாலும் குதிரைவாலி பச்சை பிடித்துவிட்டது. உக்கிரபாண்டி சித்தப்பா கண் ஆபரேஷன் முடிந்து வந்து, யார் வீட்டுச் சுவரில் எங்கே விரிசல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. தப்பாக அடித்த காசு லட்சக்கணக்கில் விலை போகிறது என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது, நான் கண்டக்டராக இருந்த கடைசி வருடங்களில் பையில் வந்து, எடுத்து வைத்திருந்த ஒரு ஐந்து ரூபாயில் துப்பாக்கி தலைகீழாக நிற்குமே, நினைவிருக்கிறதா? அது தப்புக் காசுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் காசு என்னிடம் இல்லை. வைகாசியில் நீ எல்லைக்குப் போன அன்று உன் அம்மா என் டப்பாவைக் குடைந்து அதைத்தான் எடுத்தாள், துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் போட்டிருக்கு, எம்புள்ளைக்கு இதுதான் பொருத்தம் என்று சொல்லி, விளக்குத் தேய்க்கிற புளியாலேயே பளபளவென்று தேய்த்து, மஞ்சள் துணியில் முடிந்து, நீ நல்லபடியாகத் திரும்பணும் என்று நம் காவல் தெய்வம் பட்டவன் சாமிக்கு நேர்ந்து சாமி படத்துக்குப் பின்னால் கட்டிவிட்டாள். நேர்ந்து முடிந்த காசைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனாலும் அவள் குதிரைவாலிக்குக் களை எடுக்கப் போன நேரம் பார்த்து அவிழ்த்து, வேறு ஒரு ஐந்து ரூபாயை வைத்துக் கட்டிவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே நவநீதகிருஷ்ணன் என்று ஒருவர், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறார். காசின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார், பார்த்த உடனே, ஐயையோ இத எதுக்கு சார் புளி போட்டுத் தேச்சீக, தேச்ச காச ஒருத்தரும் சீந்த மாட்டாக என்று தலையில் கை வைத்தார். அப்புறம் ஆல்பத்தைத் திறந்து பட்டாளத்துக் காசுகளைக் காட்டினார், எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. வெளிநாட்டுக் காசில் டாங்கி, விமானம், குதிரை மேல் தளபதி எல்லாம் இருக்கிறது. சேர்க்கிறவர்களிலும் பல தினுசு இருக்கிறார்களாம். சிலருக்குக் காசு அடிக்கிற ஆலையில் இருந்து கை படாமல் வந்த காசுதான் வேண்டும், சிலர் வருடத்துக்குக் கீழே இருக்கிற சின்னக் குறியைப் பார்த்து எந்த ஊரில் அடித்தது என்று தேடுகிறார்கள், வைரம் மாதிரி இருந்தால் பம்பாயாம். சண்டைக் காசே வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டாம். கை படாத காசு என்ன காசு சார், லட்சம் கை மாறி வந்தாத்தான அது காசு என்று நான் வாதாடினேன், அவர் சிரித்துக்கொண்டார்.

கடைசியில்தான் என் காசுக்கு வந்தார். இது தப்பில்ல சார், அறுபத்தஞ்சுல பாகிஸ்தான்கூட நடந்த சண்டைக்கு அம்பதாவது வருச நெனவா ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல அடிச்சது, துப்பாக்கியக் கவுத்து நட்டு மேல தொப்பிய வச்சா, அந்த எடத்துல ஒரு பட்டாளத்தான் செத்துட்டான்னு அர்த்தம் என்றார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் காப்பாக இதையா ஆத்தா முடிந்து வைத்திருக்கிறோம்? முப்பது வருடம் காசு பார்த்தவன், இது தெரியாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன்.

மூன்று நாள் அந்தக் காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். நாலாவது நாள் விளக்கேற்றப் போனவள், இது நான் போட்ட முடிச்சு இல்லையே, எவன் அவுத்தது என்று அலறினாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துப்பாக்கிக்கு அர்த்தம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. காசை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, அதுக்கு எதுக்கு இப்படி நடுங்குறீக, நம்ம பட்டவன் சாமி மட்டும் யாரு, களவுபோன மாட்ட மீக்கப் போயி கம்மாக்கரையில வெட்டுப்பட்டு விழுந்தவருதான, செத்தவுகதான ஊருக்குக் காவலு நிக்கிறாக, எல்லையில செத்தவுக எம்புள்ளைக்குக் காவலு நிக்க மாட்டாகளா என்று சொல்லிவிட்டு, அதே காசை அதே துணியில் மூன்று முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டாள். அன்று இரவு அவளும் தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் அப்பன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீ பெரிய பேர் எடுக்க வேண்டும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான், இப்போது சொல்கிறேன், உனக்காக எவனும் எந்தக் காசும் அடிக்க வேண்டாம் ஆத்தா, நீ வந்து சேர்.

பட்டவன் சாமி உன்னை விட்டு ஒரு அடி நகரக்கூடாது. தண்ணீரைச் சுட வைத்துக் குடி, காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. மாசிக் களரியில் பட்டவனைக் கும்பிட வர லீவு இப்போதே எழுதிக் கொடு. யாருக்காக நேர்ந்ததோ அவர்கள் கையால்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டுமாம், நான் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
சோலைச்சாமி