முற்றத்தில் முடியும் பாதை

வெர்நுசோல் ஊர் மன்றம்
ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய திரு. அன்செல்ம் லாபோரி அவர்களுக்கு,

பழைய ரயில் தடத்தின் மேல் போடப்பட்டுவரும் சைக்கிள் பாதை கிழக்கே ஆற்றுப் பாலம் தொடங்கித் தங்கள் ஆட்டுக்கொட்டகை வரையிலும், மேற்கே மலையைக் குடைந்த குகைவழி தொடங்கித் தங்கள் வால்நட் தோப்பின் வேலி வரையிலும் முடிந்துவிட்டது. நடுவில் தங்கள் நிலம் மட்டுமே பாக்கி. தங்கள் தந்தையார் ரயில்வேயிடமிருந்து வாங்கிய அந்தத் துண்டைப் பாதைக்குத் திறந்துவிடும்படி மன்றத்தின் சார்பில் மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சொலாஞ்ஜ் லாபோரி
மேயர்

(கையால் எழுதுவது: முழங்கால் வீக்கம் வற்றியதா?)


லா கோம்ப் பண்ணை
ஏப்ரல் 15

மேயர் அம்மையாரே,

ஒரே மேசையில் அத்தனை வருஷம் சூப் குடித்தவனுக்கு “மதிப்பிற்குரிய திரு.” என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? படித்துவிட்டுப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆடுதான் நின்றது.

நிலத்தைக் கொடுக்கமாட்டேன். பாதி பாதைக்கே இந்தத் தொல்லை. கொட்டகை முன்னால் பாதை சடாரென்று முடிந்துபோவதால் ஒவ்வொருவனும் என் முற்றத்தில் வந்து முழிக்கிறான். நேற்று ஒரு நெட்டை மனிதர், தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி தொப்பி, வரைபடத்தை நீட்டி, “ஐயா, பாதை எங்க போச்சு?” என்றார். “ஆடு தின்னுடுச்சு” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் கலைந்து ஓடியது. அப்புறம் தண்ணீர் கேட்டார், பிறகு டயருக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்டார், பிறகு என் பாலாடைக்கட்டி என்ன விலை என்றார். ஒரு பொழுது பாழ்.

முழங்கால் பரவாயில்லை.

அன்செல்ம்


வெர்நுசோல்
ஏப்ரல் 28

அன்செல்ம்,

சரி, மேயரை விடு. நானே எழுதுகிறேன். தொலைபேசியை நீ எடுப்பதில்லை, செல்பேசி அந்தப் பள்ளத்தில் எடுப்பதில்லை. வேறு வழி?

ஒரு மோட்டார் சத்தம் இல்லாமல், குழந்தை குட்டிகளோடு பேசிக்கொண்டே வருகிற ஜனங்கள் உன் வாசலில் இறங்கி நெடுஞ்சாலைக்கு ஏறுகிறார்கள். ஏறியதும் அந்த வளைவு. குவாரி லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் கார் கண்ணாடி அங்கேதானே போனது. யாராவது ஒருவர் அங்கே அடிபட்டால் நான் மேயராக மட்டுமல்ல, மனுஷியாகவும் தூங்கமுடியாது. இப்போதே அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

சட்டப்படி உன் நிலத்தை எடுக்கலாம் என்று மன்றத்தில் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீயாகத் தர வேண்டும்.

சொலாஞ்ஜ்


லா கோம்ப்
ஜூன் 11

சொலாஞ்ஜ்,

நீ எழுதியதை யோசித்தேன். யோசிக்க எங்கே விடுகிறார்கள்? இந்த மாதம் என் வீடு சந்தையாகிவிட்டது. கேள்.

ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி. அந்த அம்மாளுக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. சூப் வைத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டோடு தூக்கிக் குடித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்கள். பிறகு அந்த ஆள் இரண்டு தடவை குடித்தார். என் அம்மா பச்சை வால்நட்டைக் கோடையில் பறித்து ஒயினில் ஊறப்போடுவதையும், அப்பா அதைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டுப் பாட்டிலில் தேநீரை ஊற்றி வைத்ததையும் சொன்னேன். அந்த அம்மாள் அழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

அப்புறம் தூலூஸிலிருந்து ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், தனியாக. மனைவி போய்விட்டாராம். நான் எல்லாரிடமும் கேட்கிறதைத்தான் அவரிடமும் கேட்டேன்: “எங்கேருந்து வர்றீங்க? எங்க போறீங்க?” முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். இரண்டாவதற்குத் தெரியவில்லை என்றார். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குட்டி ஒன்றின் பல்லைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

இப்படித் தினமும். நாற்காலி போதாமல் கொட்டகையிலிருந்து பழைய பெஞ்சை இழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்குமேல் பாதையையும் திறந்துவிட்டால் என்ன கதி ஆவேன்?

அன்செல்ம்


வெர்நுசோல்
ஜூன் 19

அன்செல்ம்,

புகார் எழுதுகிறவன் பெஞ்சை இழுத்துப் போடமாட்டான்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது. பாதை முழுசாக ஆகிவிட்டால் அவர்கள் உன் முற்றத்தில் நிற்காமல் சர்ரென்று போய்விடுவார்கள். அதுதானே உன் பயம்? ஆடும் காரணமில்லை, நிலமும் காரணமில்லை. இதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பா தேநீர் ஊற்றி வைத்த கதை எனக்குத் தெரியாது. உன் மனைவியாக உன்னோடு வாழ்ந்தவள் நான். மூக்கு உரிந்த ஒரு ஹாலந்துக்காரிக்குத் தெரிந்த கதை எனக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையும் ஜன்னலையும் பார்ப்பாய். நான் பேசிப் பேசி, கடைசியில் சுவரோடு பேசுகிறேன் என்று தோன்றியபோதுதான் பெட்டியை எடுத்தேன். அப்போதுகூட நீ கேட்டது, “குடை எடுத்துக்கிட்டியா?” அவ்வளவுதான்.

இதை எழுதியதற்கு வருத்தப்படுவேன். இருந்தாலும் தபாலில் போடுகிறேன்.

சொலாஞ்ஜ்


வெர்நுசோல்
ஜூலை 20

அன்செல்ம்,

ஒரு மாதமாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன் என்றால் அதையாவது சொல்.

விடுமுறை தொடங்கிவிட்டது. வளைவில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பலகையைப் பார்த்து லாரி நிற்காது என்று எனக்கும் தெரியும்.

சொ.


லா கோம்ப்
ஆகஸ்ட் 6

சொலாஞ்ஜ்,

முதலில் ஒன்று: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தெரிந்துகொண்டு மீதியைப் படி.

நேற்று ஒரு இளம்பெண் வந்தாள். சைக்கிளுக்குப் பின்னால் இழுவண்டி, அதில் அவள் மகள், இப்போதுதான் பேசப் பழகுகிற வயசு. நெடுநேரம் இருந்தார்கள். குழந்தை வெள்ளாட்டின் காதைப் பிடித்து இழுத்தது, அந்தப் பொல்லாத ஆடும் பொறுத்துக்கொண்டது. கிளம்பும்போது அவள் சாலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதுல போலாமா? பயமில்லையே?” நான் சொன்னேன், “கொஞ்ச தூரம்தாம்மா. ஓரமா போனா ஒண்ணும் ஆகாது.”

அப்படிச் சொல்லும்போதே நாக்கு கூசியது, சொலாஞ்ஜ். ஆனாலும் சொன்னேன். எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான்.

ஹாரன் கேட்டது. பிறகு பிரேக். நான் ஓடினேன், இந்த முழங்காலோடு. லாரி சாலைக்குக் குறுக்கே நின்றது. டிரைவர் லாரிப் படியில் உட்கார்ந்து சிகரெட்டைத் தலைகீழாகப் பற்றவைக்கிறான். சைக்கிள் சாலையோரம். இழுவண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. இறங்கிப் பார்த்தால், குழந்தை வாரோடு அதற்குள் பத்திரமாக இருக்கிறது, ஒரு செருப்பு மட்டும் காணோம், மகா கோபத்தில் “ஆடு, ஆடு” என்று கத்துகிறது. ஒரு கீறல் இல்லை. லாரி தொடவே இல்லை. அந்தப் பெண் பயத்தில் திருப்பியதில் கவிழ்ந்திருக்கிறது. நான் பள்ளத்திலேயே உட்கார்ந்து அழுதேன். டிரைவரும் அழுதான்.

அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு, “நீங்க சொன்னீங்களே” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

கம்பி வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்து தோப்பு வேலியை அங்கேயே அறுத்தேன். அவர்களை வால்நட் மரங்களுக்கு அடியில் நானே நடத்திக்கொண்டுபோய் மறுபக்கத்துப் பாதையில் விட்டேன். கூழாங்கல்லில் சக்கரம் உருளும் சத்தம் குகைவழிக்குள் போய் மறையும் வரைக்கும் நின்றேன்.

நிலம் உன்னுடையது. மன்றத்தினுடையது. எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: முற்றத்தின் இரு பக்கமும் ஆடு வெளியே போகாதபடி கதவு வைக்க வேண்டும். வருகிறவர்கள் இறங்கித் திறந்து, மூடிவிட்டுத்தான் போகவேண்டும். இறங்கினவன் ஒரு வார்த்தையாவது பேசுவான். எனக்கு அது போதும்.

ஆமாம், நீ சொன்னதுதான் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் கோபம் வந்தது, பதிலும் போடவில்லை.

உன்னிடம் ஏன் பேசவில்லை என்று இந்த ஒன்றரை மாதமாக யோசித்தேன். சைக்கிளில் வருகிறவர்கள் நாளைக்கு இருக்கமாட்டார்கள். என்ன உளறினாலும் அவர்களோடு போய்விடும். நீ இருந்தாய். தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் அது மேசையிலேயே கிடக்குமே என்று பயந்தேன். ஒன்றும் சொல்லாததும் மேசையிலேயே கிடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்செல்ம்


வெர்நுசோல்
ஆகஸ்ட் 30

அன்செல்ம்,

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று முதல் வரியிலேயே எழுதினாயே, அதற்கு நன்றி. அப்படியும் மீதியை நின்றுகொண்டேதான் படித்தேன். நேற்று மன்றம் கூடி முடிந்தபிறகுதான் இத்தனை மாதத்துக்கும் சேர்த்துத் தூங்கினேன்.

மன்றத்தில் உன் கதவுகளுக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மரங்களில் ஒன்றைக்கூட வெட்டவேண்டியதில்லை என்று அளக்க வந்தவர் சொல்லிவிட்டார். வெட்டவேண்டும் என்றிருந்தால் நானே அவரைத் துரத்தியிருப்பேன். தபால்காரி ஜிஸ்லேன் இன்று என்னிடம், “இனிமே நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கலாம்ல? உங்க கடுதாசியைச் சுமந்து என் தோள் போச்சு” என்றாள். அவளுக்குத் தெரியாதது இந்த ஊரில் என்ன இருக்கிறது?

இத்தனை வருஷமும் யாராவது கேட்டால், லா கோம்ப் பக்கம் நான் வராததற்கு அந்த வளைவும் லாரிகளும்தான் காரணம் என்று சொல்லிவந்தேன். இனி அந்தச் சாக்கும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் இரவல் கேட்டிருக்கிறேன். திறப்பு விழாவுக்கு முந்தின சனிக்கிழமை, ரிப்பனும் பேச்சும் இல்லாமல், தனியாக வருகிறேன்.

ஒன்று கேட்கிறேன். நான் சொலாஞ்ஜ் என்று நினைக்காதே. வழி கேட்டு வந்த யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொள். அவர்களிடம் பேசுவதை என்னிடம் பேசு.

சொலாஞ்ஜ்


லா கோம்ப்
செப்டம்பர் 4

சொலாஞ்ஜ்,

உன்னை யாரோ ஒருத்தி என்று நினைக்க எனக்கு வராது. நீ கதவைத் திறக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும், உனக்குத் தாழ்ப்பாளைச் சரியாகப் போடத் தெரியாது. ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

சனிக்கிழமை சூப் உண்டு. மர நிழலில் நாற்காலி. அம்மாவின் வால்நட் ஒயினை இந்த வருஷம் நானே போட்டேன். பாட்டிலில் இருப்பது தேநீர் இல்லை, நீயே முகர்ந்து பார்க்கலாம்.

எல்லாரிடமும் இரண்டு கேள்வி கேட்பேன். உன்னிடம் முதலாவதை மட்டும் கேட்கிறேன்: எங்கேயிருந்து வருகிறாய்? விட்டுப்போன நாளிலிருந்து தொடங்கி மெதுவாகச் சொல், நான் ஜன்னலைப் பார்க்கமாட்டேன். எங்கே போகிறாய் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதை நீயாகச் சொல்லும்போது சொல்.

குடை வேண்டாம், வெயில்தான். டயரில் காற்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உருட்டிக்கொண்டே வந்துவிடு. பம்பு இங்கே இருக்கிறது.

அன்செல்ம்