எல்லாவற்றுக்கும் மேல்

ஜூலை 14, திங்கள்

வெயில். ஆடி பிறக்கப் போகிறது, காற்றைக் காணோம். ஏ ஷிஃப்ட். மூன்றேகாலுக்கு ஹாஸ்டல் ரூம்.

ட்ரெயினர் வேலைக்குப் போட்ட ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. ஒரு வரியில் சிவப்பு வட்டம். 'ஐ ஹேவ் இன்ட்ரஸ்ட் ஆன் ட்ரெயினிங்.' லைன் சூப்பர்வைசர் லோகு சார் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் நிற்கும்போது சத்தமாகப் படித்தார்.

"இன்ட்ரஸ்ட் ஆன்னா வட்டிம்மா. இன்னா முத்து, ட்ரெயினிங்க வட்டிக்கு வுடப் போறியா?"

லைனே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய. பஸ் ஏறுவதற்குள் எனக்கு 'வட்டி அக்கா' என்று பெயர் ஆகிவிட்டது. முப்பத்தோரு வயதில் புதுப் பெயர்.

நாளைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். வெள்ளி இன்டர்வியூ. இருப்பது ஒரே இடம்.

அந்த இடம் எனக்கு வேண்டும். சம்பளம் ஒன்றும் பெரிதாக ஏறாது. ஆனால் அது ஜெனரல் ஷிஃப்ட். ஊர் விழித்திருக்கும்போது நானும் விழித்திருக்கலாம். நான்கு பேரோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம்.

வாங்க வேண்டியது: சோப்பு, ஊக்கு, கொசுவத்தி.

ஜூலை 15, செவ்வாய்

ஃபோனில் ஒரு பாடம் கேட்டு நோட்டுத் தாளில் பட்டியல் போட்டேன். விருப்பு வெறுப்புச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டிச் சொல் வருமாம், மாற்றிப் போட்டால் மானம் போகுமாம். தெரிந்ததை எழுதினேன், தெரியாததற்குக் கோடு.

இன்ட்ரஸ்ட் இன் (வட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடு!)
பேஷன் ஃபார்
லைக்கிங் ___
டேஸ்ட் ___
அவர்ஷன் ___
ஃபியர் ___

தமிழில் இந்தப் பாடே இல்லை. ஆசையா, அவன் மேல். கோபமா, அவன் மேல். பாசம், சந்தேகம், வெறுப்பு, எல்லாம் மேல்தான். அதைத்தான் நான் 'ஆன்' என்று எழுதித் தொலைத்தேன்.

தாளை அலமாரிக் கதவில் ஒட்டினேன். அலமாரி எனக்கும் கிரேஸுக்கும் பொது. மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவளுக்கு. கட்டில் மட்டும் மாறி, அவள் மேலே நான் கீழே. மூன்று மாதமாக ஒரே ரூம், இதுவரை பேசியதில்லை. எனக்குக் காலை ஏ ஷிஃப்ட் என்றால் அவளுக்கு மதியம் பி. எனக்கு பி வந்தால் அவள் ராத்திரி சி-க்குப் போய்விடுவாள். சனிக்கிழமை ஆனால் அரக்கோணம், வீட்டுக்கும் சர்ச்சுக்கும். விடிகாலை நான் கிளம்பும்போது வாயை லேசாகத் திறந்து தூங்குவாள். இடது கன்னத்தில் ஒரு மச்சம். அவ்வளவுதான் அவளைப் பற்றித் தெரியும். மற்ற நான்கு கட்டிலும் ஒடிசாப் பெண்கள். நல்ல பிள்ளைகள். சிரிப்பார்கள், அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

ஜூலை 16, புதன்

மூன்றேகாலுக்கு வந்து பார்த்தால் கோடுகளில் பென்சில் எழுத்து! லைக்கிங் ஃபார். டேஸ்ட் ஃபார். அவர்ஷன் டு. ஃபியர் ஆஃப். ஓரத்தில் குட்டியாக, 'பேஷன் ஓகே அக்கா'.

கிரேஸ்தான். வேறு யார். அழகான கையெழுத்து, சாய்ந்து போகிறது. அவள் பி.ஏ. இங்கிலீஷ் என்று வார்டன் சொன்னது ஞாபகம் வந்தது. பி.ஏ. படித்துவிட்டு ஸ்க்ரூ முடுக்குகிறாள்.

கடைசியாக எனக்கென்று யாராவது எதையாவது எழுதியது எப்போது? யோசித்தேன். கேஸ் கடைக்காரர் ரசீதில் பெயர் எழுதியதுதான் வந்தது. அதிலும் முத்துலட்சுமிக்கு 'ட்' விட்டிருந்தார்.

இன்னும் ஐந்து சொல் எழுதி கோடு போட்டேன். எனக்கு இரண்டின் விடை தெரியும். தெரியாத மாதிரி விட்டுவைத்தேன்.

அம்மா ஃபோன், உடன்குடியிலிருந்து. தினமும் அதே கேள்வி.

"ஏட்டி, சாப்ட்டியா? துணைக்கு ஆளு இருக்காவளா?"

"ரூமுல ஆறு பேரு இருக்கோம்மா."

"பொறவு என்ன."

பிறகு என்ன. ஒன்றுமில்லை.

ஜூலை 17, வியாழன்

ஐந்துக்கும் பதில். 'ஃபாண்ட்னஸ் ஃபார்' பக்கத்தில் ஒரு சிரித்த முகம். அவள் தட்டில் இரண்டு கடலை மிட்டாய் வைத்தேன்.

இன்டர்வியூ பதில்கள் மனப்பாடம். ஃபோன் பாடத்தில் ஒரு வரி: 'ஐ ஹேவ் எ லைக்கிங் ஃபார் யுவர் கம்பெனி.' எந்த இன்டர்வியூவிலும் சொல்லலாமாம். கம்பெனியைப் பிடிக்கும் என்று கம்பெனிக்காரனிடமே சொல்வது. ஐஸ் வைப்பதற்கும் இலக்கணம் உண்டு போல.

ஜூலை 18, வெள்ளி

ஷிஃப்ட் முடிந்து ட்ரெயினிங் ரூம் வாசலில் பெஞ்ச். பக்கத்தில் ஒரு பெண். மச்சத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கிரேஸ். முதல் முறையாகக் கண் திறந்த கிரேஸ். பெரிய கண்.

"அக்கா, நீயா? முழிச்சிக்கினு கீறப்ப வேற மாரி கீறியே!"

சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது. "ஏட்டி, நீயும் போட்டிருக்கியா?"

"ஆமாக்கா. சொல்லலாம்னு பாத்தேன். அலமாரி மேலயா எழுத முடியும்?" தலையைக் குனிந்துகொண்டாள். "மிட்டாய் துன்னுட்டேன்."

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

'இன்ட்ரஸ்ட் இன்' சரியாகச் சொன்னேன். கம்பெனி வரியும் சொன்னேன், எதிரில் உட்கார்ந்திருந்த மூவரும் தலையாட்டினார்கள். பிறகு உன் பலவீனம் என்ன என்று கேட்டார்கள். அது பாடத்தில் இல்லை. வாயில் வந்தது: "ஃபியர் ஆன் அலோன், சார்."

தப்பு என்று சொல்லும்போதே தெரிந்தது. தப்பாக இருந்தாலும் பொய் இல்லை. ஒருவர் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது கிரேஸ் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்று கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

தலைக்குக் குளியல். துணி. ஒடிசாப் பிள்ளைகள் படம் பார்க்கப் போனார்கள், என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். பாஷை புரியாத படம், போகவில்லை. போயிருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

இந்த வாரம் பி ஷிஃப்ட். உள்ளே நுழையும்போதே நோட்டீஸ் போர்டு. ஒரே பெயர். கிரேஸ்.

லோகு சார்: "வுடு முத்து. அட்த்த தபா பாத்துக்கலாம்."

எட்டு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலை. மேல் கட்டிலில் அவள் தூங்குகிறாள், கடைசி சி ஷிஃப்ட் முடித்துவிட்டு. நாளையிலிருந்து ஜெனரல். எழுப்பிச் சண்டை போடலாமா என்று நின்றேன். என்ன சண்டை? தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தாள், தெரிந்தவளுக்கு வேலை கிடைத்தது. நியாயம் எல்லாம் எனக்கும் தெரியும். வயிறுதான் எரிகிறது.

பட்டியலின் அடியில் பேனாவால், அழுத்தி:

என்வி ___
க்ரட்ஜ் ___

பொறாமை, வன்மம். அவளுக்குப் புரியட்டும். பன்னிரண்டரை பஸ்.

ஜூலை 23, புதன்

விழித்தால் மேல் கட்டில் காலி. மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது. கீழ்த் தட்டும் காலி. நேற்று நான் போன பிறகே ஸ்டாஃப் ஹாஸ்டலுக்கு மாறிவிட்டாளாம், ஹைவேக்கு அந்தப் பக்கம். வார்டன் சொன்னார்: "உன்னத்தான் கேட்டுக்கினு இருந்திச்சி."

பட்டியலைப் பார்த்தேன். என்வி ஆஃப். க்ரட்ஜ் அகெய்ன்ஸ்ட். இரண்டையும் நிரப்பியிருக்கிறாள், பரீட்சை எழுதுகிற மாதிரி. அதற்கும் கீழே:

'ஐ ஹேவ் எ லைக்கிங் ஃபார் யுவர் கம்பெனி.'

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் இன்டர்வியூ வரி! வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நக்கல். அதில் 'யுவர்' கம்பெனி வேறு. ஒரே கேட்டில்தானே இருவரும் கார்டு தேய்க்கிறோம், அதற்குள் உன் கம்பெனி, என் கம்பெனியா?

நறுக்கென்று பதில் எழுத வேண்டும், தப்பில்லாமல். அதற்காக அவள் வரியை முதலில் ஃபோனில் போட்டு தமிழில் கேட்டேன்.

'உங்கள் துணை எனக்குப் பிடித்திருக்கிறது.'

ஃபோன் உளறுகிறது என்று மறுபடி போட்டேன். அதே துணை. கம்பெனி என்ற சொல்லுக்குக் கூடவே இருப்பது என்றும் அர்த்தம் உண்டாம். எட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கம்பெனி பஸ், கம்பெனி சாப்பாடு, கம்பெனி லீவு. கம்பெனி என்றால் மெயின் கேட்டும் புகைக்குழாயும்தான் எனக்கு.

அம்மா தினமும் கேட்கிற அதே வார்த்தை.

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஒடிசாப் பிள்ளை ஒன்று தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அந்த இரண்டு பேனா வரியையும் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தால் அவள் எழுத்தும் போய்விடும்.

அவள் நம்பர் கூட என்னிடம் இல்லை. ஜெனரல் ஷிஃப்ட் பஸ் எட்டு மணிக்கு சுங்குவார்சத்திரம் ஸ்டாப்புக்கு வரும். எனக்கு மதியம்தான் வேலை. நாளை போகிறேன்.

ஜூலை 24, வியாழன்

தூறல். ஏழு ஐம்பதுக்கு ஸ்டாப். கையில் கடலை மிட்டாய் பாக்கெட். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன், இங்கிலீஷிலும் தமிழிலும். 'மன்னிச்சுக்கோ' வரை வந்தது.

ஹைவேக்கு அந்தப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் திரும்பி வந்தது. மூன்றாவது ஜன்னல். கண்ணாடியில் தலை சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, தூங்குகிறாள். இத்தனை நாள் மாறி மாறி ஷிஃப்ட் பார்த்த உடம்பு, பகலுக்கு இன்னும் பழகவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

கையைத் தூக்கினேன். கண்ணாடியைத் தட்டுவதா, தூங்கட்டும் என்று விடுவதா? பஸ் கிளம்பிவிட்டது.

மிட்டாய் பையிலேயே இருக்கிறது. நாளை தட்ட வேண்டும்.