வீட்டுக்கு ஒரு காது

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "குழந்தை அழுறது கேக்கலையா?"

கடையிலிருந்து திரும்பும்போது மாடிப்படியிலேயே குட்டியின் அழுகை கேட்டது. கதவைத் திறந்தால், அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையின் கதவு திறந்துதான் இருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்து நின்றபடி அவள் கத்துகிறாள், முகமெல்லாம் சளி. இவர் தோலை ஒரு பக்கமும் பட்டாணியை ஒரு பக்கமும் குவித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"சமத்தா தூங்குறா" என்றார்.

பையை வைத்துவிட்டு நேரே போய் அவளைத் தூக்கினேன். தோளில் அவளோடு நான் வெளியே வந்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"அசதில கவனிக்கல" என்றார்.

அசதிதான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அக்கா போன் செய்தாள். எடுத்ததும் கேலி. "என்னடி, உன் வீட்டுக்காரர் இன்னும் காக்காதான் ஓட்டுறாரா?"

"காக்கா இல்லக்கா, பருந்து."

"ஏதோ ஒண்ணு. கிடங்கு மூடினப்புறம் வீட்ல உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாரு. இப்பப் பருந்து. பதவி உயர்வுதான் போ."

சிரித்தேன். அவள் மனதில் கல்மிஷம் கிடையாது. கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர் இவர். அதை மூடியபோது குட்டி என் வயிற்றில். அதன் பிறகு கிடைத்ததுதான் விமான நிலைய வேலை: ஓடுபாதை ஓரமாக ஜீப்பில் சுற்ற வேண்டும்; பருந்தோ கொக்கோ கூட்டமாக இறங்கினால் வெடி போட்டுக் கலைக்க வேண்டும். விமானத்தின் இயந்திரத்துக்குள் ஒரே ஒரு பறவை போனால் போதுமாம்.

முதல் மாதம் வெடிச் சத்தத்துக்கு இவரே துள்ளினார். இப்போது துள்ளுவதில்லை. பழகிவிட்டது என்று நினைத்தோம்.

பிப்ரவரி 20

நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வருவதில்லை. எதிரே நின்று பேசினால் பதில் சரியாக வருகிறது. ஜீப் ஓட்டும் பெரியவர் — எல்லோருக்கும் அவர் 'தலைவர்' — வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் இவர் குளியலறையிலிருந்தே பதில் சொல்கிறார்.

என் குரல்தான் கேட்கவில்லையா? கேட்கப் பிடிக்கவில்லையா?

இந்தக் கேள்வியை எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இன்று நாள் முழுக்க இதைத்தான் யோசித்தேன். ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். பக்கத்துக்கு இரண்டு ஒற்றுப்பிழை கண்ணில் படாமல் போகாது. வீட்டுக்குள் இருப்பது படவில்லை.

மார்ச் 3, திங்கள்

தெரிந்துவிட்டது. ஒரு குருவி சொல்லித் தெரிந்தது.

ஓடுபாதையை ஒட்டிய சரளைக்கல்லில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்திருக்கிறது. கல்லும் முட்டையும் ஒரே நிறம். காலில் இடறும்வரை தெரியாதாம். கூடு இருந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. இவர் குனிந்திருக்கிறார். தாய்க்குருவி தலைக்கு நேரே பாய்ந்து பாய்ந்து வந்திருக்கிறது. ஆள்காட்டி போடும் கூச்சல் ஊருக்கே தெரியும். ஆளைக் காட்டிக் கொடுப்பதால்தானே அந்தப் பெயரே.

சாப்பிடும்போது சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"முகத்துக்கு நேரா வருது. வாயத் திறக்குது, மூடுது, திறக்குது. சத்தமே வரல. பாவம், குருவிக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு நெனச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார்.

"தலைவர் ஜீப்லேர்ந்து காதப் பொத்திக்கிட்டு எறங்கறாரு. 'ஏம்ப்பா, இந்தக் கத்து கத்துது, நீ பாட்டுக்கு நிக்கிற?'ங்கறாரு."

பிறகு இருவரும் சாப்பிட்டு முடித்தோம். முட்டையை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

காது டாக்டர். இளம்பெண், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். படித்த கதைகளில் கெட்ட செய்தி வரும்போது மழை பெய்யும். இங்கே வெயில் நன்றாக அடித்தது. மின்விசிறியில் யாரோ கட்டியிருந்த காகிதப் பூ சுற்றிக்கொண்டிருந்தது.

"மெல்லிசான குரல்தாங்க மொதல்ல போகும். பொம்பளைங்க குரல், கொழந்தைங்க குரல், குருவிச் சத்தம். ஆம்பளைங்க பேசறது கொஞ்ச நாளைக்கு நிக்கும்."

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரலும் மெல்லிசு. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், செய்தி எப்படி என்று தெரிந்துகொள்ள.

"போனது திரும்பாது. இருக்கறதும் மெதுவா எறங்கும். ஒண்ணு சொல்லுங்க, வெடி போடறவங்களுக்கு ஒரு காதுதான் போய்ப் பாத்திருக்கேன். இவருக்கு எப்படி ரெண்டும் ஒரே அளவுல போயிருக்கு?"

எனக்குத் தெரியும். அவரே சொன்னார், நான் கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும்.

காதுக் கவசத்தை இரண்டு காதுக்கும் போட முடியாது; வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்து ஆள் பேசுவதைக் கேட்க ஒரு காதைத் திறந்து வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே தலைவர் சொல்லியிருக்கிறார்: "தம்பி, ஒரு காத வேலைக்குக் குடுத்துடு. இன்னொண்ண வீட்டுக்கு வச்சுக்க." அவருடைய இடது காது சுவர் மாதிரி. வலது காதில் பேரன் ரகசியம் பேசுவான்.

இவருக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு நாள் இடது, மறுநாள் வலது என்று மாற்றி மாற்றித் திறந்து வைத்தார். "ரெண்டும் என்கூடப் பொறந்ததுதானே? ஒண்ணு மட்டும் ஏன் கஷ்டப்படணும்?" என்று அப்போது என்னிடமும் சொன்னார். ஒரு வாழைப்பழத்தைக்கூட மூன்றாகப் பிட்டுக் கொடுக்கிற மனிதர். நான் அன்று அவர் இரண்டு காதிலும் முத்தம் கொடுத்தேன்.

டாக்டர் பேனாவை மூடினாள். "ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றாள்.

மார்ச் 13

நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தினேன்.

மார்ச் 30, ஞாயிறு

அடுத்த மாதம் அலுவலகத்தில் காதுப் பரிசோதனை. வருஷத்துக்கு ஒரு முறை. தேறாவிட்டால் வேலை இல்லை. இன்னொரு வேலைக்கு இன்னொரு வருஷம் அலைய முடியாது என்கிறார். வேறு வழியும் எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் வந்து, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு யோசனை சொன்னார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா உக்காந்திருக்கும். அது பித்தான அமுக்கறப்பல்லாம் தோள் லேசா அசையும். நீ காதப் பாக்காத, தோளப் பாரு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு காத வீட்டுக்கு வச்சுக்கன்னு சொன்ன நானா காதப் பாக்காதங்கறேன்? வாய் பாரு எனக்கு."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குட்டி எங்களைப் பார்த்துக் கை தட்டினாள். மத்தியானம் முழுக்க நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தீப்பெட்டியை அழுத்த, அவர் என் தோளைப் பார்த்துக் கை தூக்கினார். நல்ல மாணவர். எல்லாம் சரியாகச் செய்தார்.

தப்பா இது? தப்புதான். ஆனா வேற என்னதான் பண்றது? யாராவது சொல்லுங்களேன்.

ஏப்ரல் 9

தேறிவிட்டார். 'செவித்திறன் சீர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 10

குட்டி இன்று முதன்முதலாக இரண்டு சொல் சேர்த்துச் சொன்னாள். "அப்பா வா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி. நான் போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். அதற்குள் அவள் பந்துக்குப் போய்விட்டாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பச் சொல்லவில்லை.

"எப்படிச் சொன்னா? சொல்லிக் காட்டு" என்றார். அவர் முகத்துக்கு எதிரே நின்று சொல்லிக் காட்டினேன். என் குரலில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஓடுபாதைக்குள் ஒரு முயல் புகுந்திருக்கிறது. இவர் ஜீப்பை விட்டு இறங்கி, கையில் பையோடு அதன் பின்னால் போயிருக்கிறார். அது குறுக்கும் நெடுக்குமாக ஓடி நடுக்கோட்டில் உட்கார்ந்துகொண்டதாம். விமானம் ஒன்று இறங்கப் போகிறது, விலகு, விலகு என்று கோபுரத்திலிருந்து வாக்கி டாக்கியில் ஒரு பெண் கத்தியிருக்கிறாள். வாக்கி டாக்கி இவர் இடுப்பிலேயேதான் இருந்தது. இவர் குனிந்து முயலை "வாடா, வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தலைவர் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். விமானம் இறங்காமல் மேலேறி, சுற்றி வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. முயலுக்கும்.

"நெழலு எம்மேல வந்தப்பதான் நிமிந்து பாத்தேன்" என்றார். "வயித்தப் பாத்தேன். விமானத்தோட வயிறு. அவ்ளோ பெருசு."

சொல்லும்போது முகத்தில் பயம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அய்யோ, ஒரு முயலுக்காக... செத்திருந்தா? நானும் சேர்ந்துதானே அந்தத் தோளப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன்.

மே 2

வேலை போய்விட்டது. மறுபரிசோதனை வைத்தார்கள். இந்த முறை கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தார்களாம். கடைசி முறை வீட்டுக்குக் கொண்டுவிட வந்த தலைவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "நாஞ் சொன்னதுதானம்மா வெனையாப் போச்சு" என்றார். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 18

கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை. பொரித்து வந்த குஞ்சுகளைத் தட்டு தட்டாக எடுத்துக்கொண்டு போய்ப் பிரிப்பவர்களிடம் வைக்க வேண்டும். தேறியவை ஒரு பெட்டிக்கு, தேறாதவை, கொல்வதற்கு, இன்னொரு பெட்டிக்கு. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கத்துமாம். தாங்க முடியாமல் ஆட்கள் வாரத்துக்கு ஒருவராக நின்றுவிடுகிறார்கள்.

மேலாளர் என்னிடம் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆள் கெடைக்காதும்மா. ஒரு நாள்கூடத் தலைவலின்னு சொன்னதில்ல."

இவர் சட்டையில் மஞ்சள் தூவி ஒட்டியிருக்கும். குட்டி அதைப் பொறுக்குவாள். அது எதனுடையது என்று நாங்கள் சொல்வதில்லை.

செப்டம்பர் 6

காதுக் கருவி வாங்கினோம். முதல் நாள் தண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து மூடினார். குட்டியை மடியில் வைத்து "பேசு, பேசு" என்றார். அவள் ஓயாமல் பேசினாள். இப்போதெல்லாம் வாய் ஓய்வதே இல்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "சத்தம் வருது. வார்த்தை வரல. தகரத்த உருட்டற மாதிரி இருக்கு."

கருவி அலமாரியில் இருக்கிறது.

டிசம்பர் 21

அக்கா வந்துவிட்டுப் போனாள். கேலி எதுவும் செய்யவில்லை. அவரிடம் கத்திக் கத்திப் பேசினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளுடைய கேலிதான் வேண்டியிருந்தது.

மார்ச் 15

தலைவர்கூட இப்போது இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

குட்டியை மழலையர் பள்ளியில் சேர்க்க மூவருமாகப் போனோம். ஆசிரியை அவளைப் பக்கத்தில் இழுத்து, "இது யாரு?" என்று அவரைக் காட்டிக் கேட்டார். குட்டி அவரைப் பார்த்தாள். 'அப்பா' என்று வாயை மட்டும் அசைத்தாள். ஒரு துளி சத்தம் இல்லை. பிறகு அவரிடம் என்னவோ நீளமாகச் சொன்னாள், அதே போல. அவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

ஆசிரியை என் பக்கம் சாய்ந்தார். "கொழந்தைக்குப் பேச்சு வரலையாங்க?"

"நல்லா வரும்" என்றேன்.

வெளியே வந்ததும், என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார்.

ஜூலை 2

குட்டி பள்ளிக்குப் போகிறாள். அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிறாளாம். வீட்டில், அவர் இருக்கும் நேரத்தில், வாயை மட்டும் அசைக்கிறாள்.