பனியன் துணிக்குள் இரண்டு கார்கள்

செப்டம்பர் 4, வியாழன்

அமெரிக்க ஆர்டர் நின்றுபோனதில் எங்கள் பனியன் கம்பெனியின் முதலிபாளையம் ஷெட்டில் பாதி மெஷின் தூங்குகிறது. ஷெட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அருள் சொல்லிவிட்டார். கட்டிய புருஷன், கம்பெனி முதலாளி இரண்டும் ஒருவரே என்றால் எதிர்த்துப் பேச ஏது இடம்? இன்று பிரிண்டிங் யூனிட்காரர் ஒருவர் வந்து பார்த்தார். எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் பின்னால் பூட்டிக் கிடக்கும் அறையும் சேர்த்து வேண்டுமாம்.

அந்த அறை மாமனாருடையது. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அதன் உள்ளே பார்த்ததில்லை. "பழைய மெஷினு கெடக்குது அம்மிணி" என்பார். ஆயுத பூஜை அன்று மட்டும் ஒரு துணி ரோலைத் தூக்கிக்கொண்டு தனியாக உள்ளே போவார், கற்பூரம் காட்டிவிட்டு வருவார். மாமா மெஷினுக்கு வேட்டி கட்டப் போகிறார் என்று நான் கேலி பேசியதுண்டு.

போன வாரம் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்து வீட்டையே அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார். சாவி கேட்டால் "எங்க வச்சனோ" என்கிறார். ஆறுமுகசாமி முதலியார் சாவியை மறந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 7, ஞாயிறு

பூட்டை உடைத்தோம். மாமாவிடம் சொல்லாமல்தான்.

உள்ளே மெஷின் எதுவும் இல்லை. கார்கள். இரண்டு!

ஒன்று, தலை முதல் கால் வரை பனியன் துணியால் சுற்றப்பட்டிருந்தது. சும்மா போர்த்தியதில்லை, சுற்றிச் சுற்றி இறுக்கித் தைத்திருக்கிறார். மேல் துணி போன வருஷம் இத்தாலிக்குப் போன ரிப் துணி. அதை லேசாக விலக்கினால் அதற்கு முந்தின வருஷத்துப் பச்சைக் கோடு. அதற்கும் கீழே, நான் கம்பெனிக்கு வந்து முதன்முதலில் பார்த்த ஆர்டரின் ஊதாத் துணி. அந்த ஷேடுக்காகச் சாயப்பட்டறையில் எத்தனை நாள் மன்றாடியிருப்பேன்! எங்கள் கம்பெனியின் வரலாறே அந்தக் காருக்கு உடுத்தியிருந்தது.

இன்னொன்றை யாரும் சீந்தவில்லை. மூலையில் ஒதுக்கி, மேலெல்லாம் பஞ்சு படிந்து, செம்மறிக்கிடாய் மாதிரி நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை இல்லை. அருள் கையால் பஞ்சைத் துடைத்தார். வெள்ளித் தகடு தெரிந்தது. அவ்வளவுதான், ஆறு வயதுப் பையனாகிவிட்டார்.

"சித்தப்பா வண்டி! கிருத்திகா, இது சித்தப்பா வண்டி!"

சித்தப்பா என்றால் மாமாவின் தம்பி செல்வக்குமார், எனக்குச் சின்ன மாமா. குன்னத்தூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வாலிபத்தில் கார் ரேஸ் ஓட்டியவர். வால்பாறை எஸ்டேட்டில் ஒரு துரையிடம் வாங்கிய சிவப்பு எம்.ஜி. கார் ஒன்று, ஃபியட் எஞ்சினுக்கு அலுமினியத் தகடு தட்டித் தன் கையாலேயே கட்டியது ஒன்று. அண்ணன் இரண்டையும் தன்னைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்றுதான் அவர் இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட மண்டபத்துக்கு வந்து, மொய் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனார்.

விற்கவே இல்லை. இங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் மாமா எதற்காக...

செப்டம்பர் 8, திங்கள்

அருளுக்கு நேற்று ஊறிய கண்ணீர் ஒரே ராத்திரியில் காய்ந்துவிட்டது. எம்.ஜி.யைத் துணியோடவே படம் எடுத்து, பழைய கார் சேர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். அவர் ஞாயிறு வருகிறாராம்.

"சித்தப்பாகிட்டச் சொல்ல வேண்டாமாங்க?"

"அவரு வித்தாச்சுன்னே நெனச்சுட்டு இருக்காரு. இப்பப் போயி எதுக்குக் கெளறோணும்?"

எனக்கு வந்த கோபத்தில் ரசத்துக்கு உப்பு இரண்டு தரம் போட்டேன். நல்லா இருக்குது என்று குடித்துவிட்டுப் போனார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

செப்டம்பர் 10, புதன்

மாமாவின் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது சொல்லிவிட்டேன். அப்போதுதான் எழுந்து போக முடியாது.

"மாமா, அந்த ரூம்பைத் திறந்துட்டமுங்க."

மூடிய கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா வேறா என்று நான் பார்க்கவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்.

தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் பக்கம் சின்ன மாமா எம்.ஜி.யை ஓட்டிப் பார்க்கப் போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தாராம். பிழைத்து எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி என்னாச்சு என்பது. அதைக் கேட்டதும் மாமா முடிவு செய்துவிட்டார். வண்டியைப் பழுது பார்த்து, இரண்டையும் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, விற்றுவிட்டேன் என்று ஒரே பொய்.

"கொடுத்தா மறுக்காவும் ஓட்டுவான். செத்துப்போவான். அப்பன் இல்லாத பையன் அம்மிணி, நாந்தான் வளத்தேன். ஆனாலும் மனசு கேக்கலை. முருகன்கிட்டப் பூ கேட்டேன். வெள்ளை வந்தாக் கொடுத்துடறேன், செவப்பு வந்தாக் கொடுக்கலைன்னு."

"என்ன வந்துச்சுங்க?"

"வெள்ளை."

மருந்துக் குப்பியை மூடி வைத்தேன்.

"அடுத்த தைப்பூசத்துக்கும் கேட்டேன். அதும் வெள்ளை. அதோட கேக்கறதை உட்டுட்டேன்."

வருஷா வருஷம் காவடி எடுக்கிற மனுஷர்! சாமியிடம் கேட்டுவிட்டு, சாமி சொன்னதைக் கேட்காமல், அதே சாமிக்குக் காவடி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எம்.ஜி.க்கு மட்டும் ஏன் இத்தனை துணி என்று கேட்டேன். தம்பி உயிராய் வைத்திருந்த வண்டி, தூசி படக்கூடாது என்றார். பழசை அவிழ்க்காமல் மேலேயே ஏன் சுற்றினீர்கள்?

"அவுத்தாப் பாக்கோணுமே, கண்ணு."

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயம்புத்தூர்க்காரர் வந்தார். மாமாவும் கறுப்புக் கண்ணாடியோடு கூடவே கிளம்பிவிட்டார்.

கத்திரியால் வெட்டி வெட்டித் துணியை எடுத்தோம். மேலே இருந்த துணிகள் சுத்தமாக இருந்தன. போகப் போகத் துணி பழுப்பானது. அப்புறம் ஈரம். கடைசித் துணி வரவே இல்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. அருள் இழுத்தார். துணியோடு கதவின் கீழ்ப்பகுதியும் பெயர்ந்து வந்தது.

காட்டன் துணி தண்ணீர் குடிக்கும் என்று திருப்பூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அது குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், மேலே மேலே சுற்றியது இந்த வீடுதான். தரைத் தகடு, அடிச்சட்டம், எல்லாம் துரு. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

வந்தவர் நல்ல மனுஷர். "சும்மா ஒரு தார்ப்பாய் போட்டு உட்டிருந்தாக்கூடப் பொழச்சிருக்குமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூலையில் இருந்ததை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அலுமினியம், துரு பிடிக்கவில்லை, ஆனால் கம்பெனிப் பெயர் இல்லாத வண்டிக்கு மதிப்பு கிடையாதாம்.

மாமா அந்தக் கதவுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தார். அருளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

குன்னத்தூர் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அருளைக் கேட்கவில்லை.

சின்ன மாமா டிராக்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், இளநீர் வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பூ கேட்டது வரை. கை துடைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். எம்.ஜி. போய்விட்டது என்றபோது முகம் மாறவில்லை.

"நான் கட்டுனது?"

"அப்படியே இருக்குதுங்க."

வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்றுதானே நினைத்தேன்? இல்லை.

"வித்திருந்தாலாச்சும், காசுக்கு ஆசைப்பட்டுட்டான் போகட்டும்னு உட்டிருப்பேன் அம்மிணி. பக்கத்துலயே வச்சுட்டு என்னைய அழ உட்டுட்டானே! நான் வர மாட்டேன். வண்டிய எடைக்குப் போடச் சொல்லிருங்க."

பஸ்ஸில் வரும்போது அழுதேன். நல்லது செய்யப் போய் இப்படி ஆக வேண்டுமா?

செப்டம்பர் 19, வெள்ளி

அருள் எடைக்கடைக்காரரை வரச் சொல்லிவிட்டு, அவராகவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கேட்டால், எம்.ஜி.யை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். வாடகைக்காரர் ஆயுத பூஜை முடிந்து வரட்டுமாம். இரவு ரசத்துக்கு உப்பு சரியாகப் போட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

மாமா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, "செல்வனுக்குப் போன் போட்டுக் கொடு அம்மிணி" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்து எடுத்ததும் ஹலோ இல்லை, யார் என்று இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. மாமாவும் போனைப் பார்த்தபடியே இருந்தார். கம்பெனியில் ஆயிரம் பேரைத் திட்டிய வாய். ஒரு சொல் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேசித் தொலையுங்கள், வைத்துவிடப் போகிறார்...

"செல்வா. நீ செஞ்ச வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. நான் பொத்திப் பொத்தி வச்சதுதான் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நான் பண்ணுனது தப்புடா" என்றார்.

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் பழக்கத்தில் அருள் ஒரு ரோலை எடுத்து வைத்திருந்தார். மாமா அதைப் பார்த்த பார்வையில் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பொரி, சந்தனம், பூசணிக்காயோடு ஷெட்டுக்குப் போனோம். அறைக் கதவு திறந்திருந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து, "அய்யாவோட தம்பின்னு சொன்னாருங்க, அச்சு அசலா அதே மூஞ்சி, உட்டுட்டேனுங்க" என்றார்.

அந்த அலுமினிய வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கொஞ்சம் வளைந்தது. மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம். கற்பூரத் தட்டு என் கையில் கனத்தது.

அடியிலிருந்து குரல் வந்தது.

"யாரு நிக்கறது? அந்த டார்ச்சைப் புடிங்க."

ஆபரேஷன் செய்த கண்ணோடு மாமா தரையில் உட்கார்ந்தார். டார்ச்சைப் பிடித்தார்.

"அங்க இல்ல. இக்கட்டால, இந்தப் பக்கம். இன்னொஞ்சம்... கை ஏன் இப்படி ஆடுது அண்ணா?"

அண்ணா என்றார். என் காதால் கேட்டேன். அருள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூஜை பதினொரு மணிக்கு என்று வைத்திருந்தோம். நல்ல நேரம் போனால் போகட்டும் என்று காத்திருந்தோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெட்ரோல் டேங்க், டியூப், டயர், பேட்டரி, எல்லாம் மாற்றி, நேற்று எஞ்சின் பேசியது. புகை ஷெட்டை நிறைத்தது. தீ என்று நினைத்துப் பக்கத்து யூனிட் ஆட்கள் பக்கெட்டோடு வந்துவிட்டார்கள்.

இன்று விடியற்காலையில் சின்ன மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அருள் ஏறத்தான் ஒரு காலை வைத்தார். மாமா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, தான் ஏறிக்கொண்டார். தாராபுரம் ரோட்டுப் பக்கம் போனார்கள். அவர்கள் வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வெயில் ஏறின பிறகு வந்தார்கள். மாமா தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. வேட்டியெல்லாம் கிரீஸ். சின்ன மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எவ்வளவு வேகமுங்க மாமா போனீங்க?" என்றேன்.

"மொதல்ல நாப்பதுதான் போனான். அதுக்கே கத்திப்போட்டேன்."

வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் புளியமரம் தாண்டுனதும் அறுபது போகச் சொன்னது நாந்தான்."