மெஷின் தானாக அடித்த வரி

அம்மாடி,

இதில் உள்ளதெல்லாம் சத்தியம். சந்தேகமிருந்தால் உன் புருஷன் தலையில் அடித்தே சொல்கிறேன், அவன் வேலை முடிந்து வரட்டும்.

சோப்புக்கு லேபிள் அடிக்க, நீ சொல்லிக்கொடுத்த கட்டளைகளை அப்படியே டைப் செய்தேன். அகலத்துக்கு ஒரு வரி, எழுத்தின் அளவுக்கு ஒரு வரி, சோப்பின் பெயருக்கு ஒரு வரி. அனுப்பியதும் மெஷின் ஒரு தும்மல் போட்டது. லேபிளில் நான் சொல்லாத வரி ஒன்று சேர்ந்து வந்தது: “தயாரித்தது மருமகள். மாமாவுக்குத் தேய்க்க மட்டுமே தெரியும்.” நிறுத்தச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன், மதிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன், அப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது. ரோல் தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது.

நேற்று கடைக்காரரிடம், “எல்லாம் நம்ம கைவேலைதான்” என்று நான் பீற்றிக்கொண்டதை அது கேட்டிருக்க வேண்டும். நீ, “அப்படியா மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டது பழக்கதோஷம்.

சாயங்காலம் கடைக்காரர் சரக்கெடுக்க வருவார். எல்லாச் சோப்பிலும் அந்த லேபிளையே ஒட்டி மேசையில் அடுக்கியிருக்கிறேன். படிக்கட்டும். அந்த நேரத்தில் நான் இங்கே இருந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? புது ரோல் வாங்கப் போகிறேன். சாதம் மூடியிருக்கிறது. அலமாரிச் சாவி டப்பாவுக்குப் பின்னால்.

மாமா

காகிதத்தில் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினுக்குச் சொந்தமாக ஓர் எழுத்தும் வராது, நாம் கட்டளையில் அடிப்பதைத்தான் அச்சடிக்கும்.