நியூட்ரல் விழாத வண்டி

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

இன்றும் நியூட்ரல் விழவில்லை.

ஒண்டிக்கடை முனையில் ஒரு டூரிஸ்ட் வேன் குறுக்கே நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கிளட்ச்சைப் பிடித்தபடியே நின்றேன். முதல் கியரிலிருந்து காலால் தூக்கினால் இரண்டுக்குப் போகிறது. மிதித்தால் மறுபடி ஒன்று. நடுவில் இருக்க வேண்டிய நியூட்ரல் மட்டும் எங்கே போய்த் தொலைந்தது? பச்சை விளக்கு எரியவே இல்லை. இடது கை விரல்கள் மரத்துவிட்டன. வேன்காரன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

வெறும் வண்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னால் நைட்ரஜன் கேனைக் கட்டியிருக்கிறேன். உறைந்த விந்துக் குச்சிகள் அதற்குள்தான் கிடக்கின்றன. கேன் சாய்ந்தால் எல்லாம் போச்சு. பால் சங்கத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. “நம்ம சங்கத்துல ஒரு பொம்பளை ஊசி போடுறாங்க” என்று செயலாளர் எல்லோரிடமும் சொல்கிறார். பெருமையாகச் சொல்கிறாரா, எச்சரிக்கையாகவா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 6

மழை. மூன்று ஊசி. பதினோரு இடத்தில் நின்றேன். பதினோரு இடத்திலும் விழவில்லை.

ஆகஸ்ட் 7

என் வீட்டுக்காரர் சக்திவேலிடம் சொன்னேன். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்தபோது அவர்தான் இந்த வண்டியை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஆறு வருடம் ஓட்டியவர், தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “உங்காலுதான் சசி. நீ உதைக்கிற. அதை உதைக்கக் கூடாது, பூ மாதிரி தொடோணும்.”

பூ மாதிரியும் தொட்டுப் பார்த்தாயிற்று.

வாசலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வண்டி நிற்பதற்கு முன்பே, உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலைப் போட்டுவிட்டார். “பாரு, விழுகுதில்ல?” என்றார். நின்ற பிறகு போட்டுக் காட்டுங்கள் என்றேன். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ஆகஸ்ட் 9

ஜாபெஸின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நல்ல மெக்கானிக்தான், ஒண்டிக்கடை சுற்று வட்டாரத்தில் பாதி வண்டிகள் அவனிடம்தான் போகின்றன. ஆயில் மாற்றினான். செயினை இறுக்கினான். தெரு முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “வண்டியில ஒண்ணுமில்லீங்கக்கா. ஓடும்போதே நியூட்ரலுக்குக் கொண்டாந்துருங்க, அப்பறம் நில்லுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றோம்” என்றான்.

சமதரையில் அப்படிச் செய்யலாம். ஊசி போடப் போகும் மாரமங்கலம் இறக்கத்தில், மழை ஈரத்தில், பின்னால் கேனோடு கியர் இல்லாமல் வண்டியை உருட்டச் சொல்கிறானா? இறக்கத்தில் கியரில்தான் வர வேண்டும் என்பதுதானே ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சக்திவேல் முதலில் சொன்னது. இதையும் கேட்டேன். சிரித்தான். “பழகிப்போயிருமுங்க்கா.”

இன்னொன்றும் சொன்னேன். கிளட்ச்சை முழுதாகப் பிடித்திருந்தாலும் வண்டி மெல்ல முன்னால் போகப் பார்க்கிறது, பிரேக்கை அழுத்தித்தான் நிறுத்துகிறேன் என்று. அதற்குள் யாரோ பஞ்சர் என்று வந்து நின்றார்கள். காதில் வாங்கினானா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மாரமங்கலத்திலிருந்து மாதம்மாள் போன் செய்தார். “கண்ணு, செவலை விடியக்காலம் புடிச்சுக் கத்துது, சீக்கிரம் வா சாமி.” பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அன்றைக்குள் ஊசி போட்டாக வேண்டும். விட்டால் இருபத்தோரு நாள் காத்திருக்க வேண்டும். எட்டரைக்கெல்லாம் அவர் வீட்டுச் சரிவில் இருந்தேன். நிறுத்தி, காலால் தூக்கினேன். பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்தது. அப்பாடா என்று கிளட்ச்சை விட்டேன்.

நியூட்ரல் இல்லை. வண்டி பாய்ந்தது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கேனின் மூடி கழன்று மண்ணெல்லாம் வெள்ளைப் புகை. மாதம்மாள் தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். கிட்ட வராதீங்க என்று கத்தினேன். புகை அடங்கியபோது கேன் காலி. குச்சி ஒன்றுகூடத் தேறாது.

முழங்கை சிராய்ப்புதான். அது வலிக்கவில்லை. மாதம்மாள் என்னைத் திட்டவும் இல்லை. மாட்டைத் தடவிக்கொண்டு, “இருவத்தோரு நாளு தள்ளிப்போச்சே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 13

செயலாளர் கூப்பிட்டார். மாரமங்கலம் பக்கம் இனி நவீன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நவீன் கீழே அடிவாரத்திலிருந்து வருகிற பையன். நான் டவுனைச் சுற்றி மட்டும் பார்த்தால் போதுமாம். “இந்த மாசம் முடியட்டும்மா, அப்பறம் யோசிக்கலாம்.”

வண்டியில்தான் கோளாறு என்றேன்.

“ஜாபெஸைக் கேட்டுட்டேன். வண்டி நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்றான்.”

வேறு என்ன சொல்ல? என் கால் நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரட்டுமா?

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. சக்திவேல் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டார். “கொஞ்ச நாளு டவுன்லயே ஓட்டு. கையும் காலும் பழகட்டும்” என்றார். கையை இழுத்துக்கொண்டேன்.

எல்லோரும் ஒரே பேச்சுப் பேசினால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. என் கால்தானோ? ஆனால் ஆறு மாதம் இதே கால்தானே. போன மாதத்திலிருந்துதானே இப்படி?

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

சக்திவேல் சேலம் போயிருக்கிறார். வாசலில் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டேன்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கியரைத் தட்டினேன். நியூட்ரல் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் விழுந்தது. இதே காலால்தான்! பிறகு இன்ஜினை ஓடவிட்டேன். ஒரு முறைகூட விழவில்லை.

அடுத்து முதல் கியர் போட்டு, கிளட்ச்சை முழுக்கப் பிடித்து, பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சுற்றுகிறது. மெல்லக்கூட இல்லை, நன்றாகவே சுற்றுகிறது. பின் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் திணறுகிறது. கிளட்ச்சைப் பிடித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோக வேண்டாமா? அறவில்லை. இறுக்கம் இருக்கும்வரை கியர் நடுவில் வந்து நிற்காது. காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பக்கத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான் தனியாக வண்டியோடு பேசுவதைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 19

சங்கத்து வாசலில் பால்காரர் ஒருவரின் வண்டி நின்றது. என்னுடையதைப் போலவே இருந்தது. கேட்டுவிட்டு அதன் கிளட்ச் பிடியை அழுத்திப் பார்த்தேன். அரை விரல் அகலம் இழுத்ததுமே இறுக்கம் தெரிந்தது. என் வண்டிக்கு வந்து அழுத்தினேன். பாதி தூரம் வரை ஒன்றுமே இல்லை, தொளதொளவென்று வருகிறது. மீதிப் பாதிதான் வேலை செய்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. சந்தோஷமா கோபமா தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

ஜாபெஸிடம் போய், “ஓட்டிப் பாக்க வேண்டாம். ஸ்டாண்டு போட்டுப் பாரு” என்றேன். சக்கரம் சுற்றுவதைக் காட்டினேன். பிடியை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். சிரிப்பு நின்றுவிட்டது. கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே இன்ஜின் வரை குனிந்து போனான்.

“கேபிள் நல்லாத்தான் இருக்குதுங்க்கா. கீழ நட்டை யாரோ நொம்ப லூஸ் பண்ணி வெச்சிருக்காங்க. நான் பண்ணலீங்க.” தலை நிமிராமலே சொன்னான்: “அன்னிக்கு நான் கிளட்ச்சைப் பாக்கவே இல்லீங்க்கா. நீங்க கால் வெக்கிறதுலதான் தப்புன்னு நெனச்சுட்டேன்.”

பத்து நிமிட வேலை. நட்டை முன்னால் கொண்டுவந்து பூட்டினான். இன்ஜின் ஓடும்போதே காலால் தொட்டேன். பச்சை. மறுபடி. பச்சை.

செயலாளருக்கும் நீயே போன் பண்ணிச் சொல் என்று அங்கேயே நின்றேன். என் முன்னால்தான் பேசினான்.

மாலையில் சக்திவேலிடம் கேபிளை யார் தொட்டது என்று கேட்டேன். உடனே சொல்லிவிட்டார், மறைக்கவில்லை. “நாந்தான். போன மாசம் கிளட்ச் புடிச்சுக் கை வலிக்குதுன்னு சொன்னியே. உனக்கு லேசா இருக்கட்டும்னு லூஸ் பண்ணுனேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சின்ன விசயந்தானேன்னு...”

“ஏனுங்க, கேன் போச்சு. மாரமங்கலம் போச்சு. நான் உழுந்து எந்திரிச்சு வந்தப்பவும் உங்களுக்கு அது ஞாபகம் வரலையா? காலு காலுன்னு சொன்னீங்களே!”

“வரல சசி. நெசமா வரல.”

பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. எனக்காகத்தான் செய்திருக்கிறார். என்னைக் கேட்காமல் செய்திருக்கிறார். செய்ததை மறந்துவிட்டு என் காலைக் குற்றம் சொல்லியிருக்கிறார். இதில் எதற்கு நான் கோபப்பட வேண்டும், எதற்குக் கூடாது?

ஆகஸ்ட் 21

பேசவில்லை.

ஆகஸ்ட் 22

பேசவில்லை. ரசம் வைத்திருந்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29

செயலாளரிடம் வண்டி சரியாகிவிட்டது என்று நான் சொன்னால், “சரிம்மா, சந்தோசம்” என்கிறார். மாரமங்கலம் நவீனிடம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 2 – செவ்வாய்

மாதம்மாள் சங்கத்துக்குப் போன் செய்யவில்லை. நேராக எனக்குச் செய்தார். “கண்ணு, செவலை கத்துது. அந்தத் தம்பி போன தடவை பக்கத்து ஊட்டுக்குச் சாயங்காலந்தான் வந்துச்சு. நீ வா.”

செயலாளரிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவர் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. சரிவில் நிறுத்தினேன். பச்சை எரிந்தது. நம்பவில்லை. கிளட்ச்சை நூல் நூலாக விட்டேன். வண்டி அசையாமல் நின்றது. மாதம்மாள் தள்ளியே நின்றார், இந்த முறையும் கையில் ஒரு குடம் தண்ணீர்!

ஊசி போட்டு முடித்துச் சங்கத்துக்கு வந்ததும் செயலாளர் ஊசிப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். “மாரமங்கலத்துப் பக்கத்தையும் நீயே எழுதிக்கம்மா.” அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 18 – வியாழன்

ஐந்து ஊசி. மலையெல்லாம் மூட்டம்.

இன்று ஜீப் சர்வீசுக்குப் போயிருக்கிறது. நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது சக்திவேல் வாசற்படியில் வந்து நின்றார். சாவி ஆணியில்தான் தொங்கியது. எடுக்கவில்லை.

“சசி, உன் வண்டியைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? எஸ்டேட் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்.”

“நாலு மணிக்குள்ள வந்துருங்க. எனக்கு நாகலூர் போகோணும்” என்றேன்.

மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டார்.